பாறைக் காந்தம் கடிகாரமா?

பாறைக்குள் உறைந்துள்ள காந்தத்தை அளந்து, ஒரு மலை மடிந்த காலத்தைச் சொல்லிவிடலாம் என்று பொது அறிவியல் நூல்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. படிக்கும் மாணவர், பாறைக்குள் ஏதோ கடிகாரம் ஓடுவதாக எண்ணிக்கொள்கிறார். காந்தம் தேதி சொல்வதில்லை, திசையைத்தான் சொல்கிறது. திசையிலிருந்து காலத்துக்கு வரும் வழியில் வழுக்கல் அதிகம். அதை மறைத்து முடிவை மட்டும் கொடுப்பது பௌதிகம் ஆகாது.

தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே திசையில் சில அம்புகளை வரைந்து, அம்புகளுக்குக் குறுக்காகத் தாளைக் கூரைபோல் மடியுங்கள். ஒரு சரிவில் அம்பு மேல்நோக்கும். மறு சரிவில் கீழ்நோக்கும். விரித்தால் ஒன்றுபடும். இனி, முதலில் மடித்துவிட்டு, இரு சரிவிலும் குண்டூசிகளை ஒரே திசையில் செருகுங்கள். தாளை விரித்ததும் அவை ஒற்றுமை இழக்கும். 1949-இல் ஜான் கிரஹாம் வகுத்த மடிப்புச் சோதனையின் சாரம் இதுவே. பாறை அடுக்குகளைக் கணக்கில் விரிக்கும்போது திசைகள் ஒன்றுபட்டால் காந்தம் மடிப்புக்கு முந்தியது. மடிந்த நிலையிலேயே ஒன்றுபட்டிருந்தால் பிந்தியது. பாதி விரித்தபோது ஒன்றுபட்டால், மடியும்போதே பதிந்தது.

அழகான சோதனைதான். ஆனால் 'மடிப்புக்கு முந்தியது' என்பதைப் 'பாறை பிறந்தபோதே உண்டானது' என்று படித்துவிடக் கூடாது. இந்த வேறுபாட்டின் விலை அப்பலேச்சியன் மலைப்பகுதியில் தெரிந்தது. கிழக்கு வட அமெரிக்காவின் கரையோர நிலம், கண்டத்தின் உட்பகுதியை ஒட்டி ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நகர்ந்தது என்று டென்னிஸ் கெண்ட், நீல் ஒப்டைக் ஆகியோர் 1978-79-இல் எழுதினர். இரு பகுதிப் பாறைகளின் காந்தமும் வெவ்வேறு அட்சரேகைகளைக் காட்டியதே சான்று. 1984-இல் நியூஃபவுண்ட்லாந்துப் பாறைகளை அளந்த இர்விங், ஸ்ட்ராங் இருவரும் இதை மறுத்தனர். மறு ஆண்டு கெண்டும் ஒப்டைக்குமே உட்பகுதிப் பாறைகளைப் படிப்படியாகச் சூடேற்றி, மேலேறிய காந்தத்தை நீக்கிப் பார்த்தனர். அடியில் வேறொரு திசை இருந்தது! முன்பு அளந்தது பிற்காலக் காந்தம். பழைய முடிவைக் கைவிட்டனர். நூல்கள் விட்டுவிடும் இந்தப் பகுதிதான், என் மதிப்பில், மாணவர் முதலில் படிக்க வேண்டியது.

அந்தப் பிற்காலக் காந்தம் எப்படி வந்தது? மாக்னடைட் தன் காந்தத்தை முழுதும் இழக்க 580 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். அப்பகுதிச் சுண்ணாம்புக்கற்கள் அவ்வளவு சூடேறியதில்லை. 1983-இல் மெக்கேப் குழுவினர் அத்தகைய கற்களில், பாறைக்குள்ளேயே வேதிமாற்றத்தால் வளர்ந்த மாக்னடைட் உருண்டைகளைக் கண்டனர். மலை நெருக்குண்டபோது பிழியப்பட்ட வெந்நீர்க் கரைசல்கள் இதற்குக் காரணமாகலாம் என்பது ஒரு விளக்கம்.

அப்படியானால் 'கெட்டுப்போன' காந்தமே மலையாக்கத்தின் சாட்சி ஆகிறது. அதன் துருவ வாகு இன்றைக்கு நேர்மாறானது. ஏறக்குறைய 32 கோடி முதல் 26 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை புவிக்காந்தம் இப்படித் தலைகீழாகவே நீடித்தது. ஆனால் இடைவெளி ஆறு கோடி ஆண்டு என்பதைக் கவனியுங்கள்! அதற்குள் காலத்தைக் குறுக்க, துருவங்கள் இடம்பெயர்ந்த பாதையுடன் ஒப்பிட வேண்டும். அந்தப் பாதைக்கும் கதிரியக்க முறையால் வயது கண்ட பாறைகளே ஆதாரம்.

'பாதி விரித்தபோது ஒன்றுபட்டது' என்ற சான்றிலும் ஒரு சிக்கல் உண்டு. மடியும் பாறை உள்ளே நசுங்கும். அப்போது காந்த மணிகள் சற்றே திரும்பிவிட்டால், முன்பே பதிந்த காந்தமும் மடியும்போது பதிந்ததுபோல் வேடம் போடும். நசுங்கிய அளவை அளக்காமல் தரப்படும் தேதியை நான் ஏற்பதில்லை.