ஒரு விகுதியின் வெற்றி: மன்சோனியின் நாவலும் இத்தாலிய வினைத்திரிபும்

இத்தாலிய மொழியைக் கற்கப் புகும் மாணவன் முதலில் எதிர்கொள்வது வினைத்திரிபு வாய்பாடாகும். 'நேசித்தல்' எனப் பொருள்படும் அமாரே, 'அஞ்சுதல்' எனப் பொருள்படும் தெமேரே, 'உறங்குதல்' எனப் பொருள்படும் தொர்மீரே ஆகிய மூன்றும் மூவகை வினைகளுக்கு மாதிரிகளாகத் தரப்படுகின்றன. பகுதியோடு விகுதியைச் சேர்த்தால் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடத்தும் ஒருமை பன்மையாக ஆறு வடிவங்கள் பிறக்கின்றன. நிகழ்ந்ததை நிகழ்ந்ததாகக் கூறும் பாங்கு, ஐயத்தையும் விருப்பத்தையும் உணர்த்தும் பாங்கு, நிபந்தனைப் பாங்கு, ஏவற் பாங்கு என வினைப்பாங்குகள் விரிகின்றன. அவற்றுட் காலங்கள் விரிகின்றன. இவ்வாய்பாட்டுக்கு அடங்கி நடப்பவற்றை இலக்கணகாரர் ஒழுங்கான வினைகள் என்பர். ஆயின் அவ்வொழுங்கு எங்கிருந்து வந்தது, எவருடைய வாய்மொழி விதியாயிற்று என்ற வினாவை வாய்பாடு எழுப்புவதில்லை. அவ்வினாவை எழுப்புதற்கு வாய்பாட்டின் ஒரேயொரு கட்டத்தை மட்டும் நுணுகி நோக்குதல் போதுமானது.

கடந்த காலத்திலே தொடர்ந்தும் வழக்கமாகவும் நிகழ்ந்ததைக் குறிக்கும் இறந்தகாலம் ஒன்று இத்தாலிய மொழியில் உண்டு. 'நான் நேசித்து வந்தேன்' என்பது இன்று 'அமாவோ'. 'அவன் நேசித்து வந்தான்' என்பது 'அமாவா'. எழுவாயைக் கூறாவிடினும் விகுதியே ஆளைக் காட்டிவிடும் என்பது தமிழருக்கு விளக்க வேண்டாத செய்தியாகும். ஆயினும் தாந்தே, பெத்ராக்கா, பொக்காச்சியோ ஆகியோரின் 14ஆம் நூற்றாண்டு மொழியில் இவ்விரு இடங்களுக்கும் 'அமாவா' என்ற ஒரே வடிவமே வழங்கியது. இலத்தீனில் 'அமாபாம்', 'அமாபாத்' என வேறுபட்டிருந்த வடிவங்கள் ஈற்று மெய்களை இழந்து ஒன்றாகிவிட்டமையே இதற்குக் காரணமாகும்.

புளோரன்ஸ் நகர மக்கள் இவ்வடிவத்தைத் தம் பேச்சிலே மாற்றிக்கொண்டனர். நிகழ்காலத்துத் தன்மை ஒருமையிலே 'ஆமோ', 'தேமோ', 'தோர்மோ' என வரும் ஓகார ஈற்றை ஒப்புமையால் இறந்தகாலத்துக்கும் நீட்டி, 'அமாவோ', 'தெமேவோ', 'தொர்மீவோ' என்றனர். 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தம் காலத்து வழக்கை நோக்கி இத்தாலியப் பேச்சு மொழிக்கு முதன்முதலில் இலக்கணம் எழுதிய லெயோன் பத்திஸ்தா அல்பேர்ட்டி இவ்வோகார வடிவத்தை ஏற்றுக்கொண்டார். ஆயின் அவருடைய சிறுநூல் அச்சேறாமலே கிடந்தது. 1525இல் வெளிவந்த பியெத்ரோ பெம்போவின் நூலே பின்வந்தோரை ஆண்டது. வெனிஸ் நகரத்தவரான பெம்போ, கவிதைக்குப் பெத்ராக்காவையும் உரைநடைக்குப் பொக்காச்சியோவையும் அளவுகோல்களாகக் கொண்டார். வாழ்வோரின் வழக்குக்கு மேலாக மறைந்தோரின் செய்யுள் வைக்கப்பட்டது. இதனால், ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் புளோரன்ஸ் மக்கள் 'அமாவோ' என்று பேசவும், இத்தாலிய எழுத்தாளர் பெரும்பாலும் 'அமாவா' என்று எழுதவும் நேர்ந்தது.

இந்நிலையிலேயே அலெசான்ட்ரோ மன்சோனியின் 'மணம் பேசப்பட்டோர்' என்னும் நாவல் முக்கியத்துவம் பெறுகிறது. 1785இல் மிலான் நகரிற் பிறந்த மன்சோனிக்கு மிலான் வட்டார மொழியும் பிரெஞ்சுமே நாவிற் பழகியவை; இத்தாலிய மொழி அவருக்குப் பெரிதும் ஏட்டு மொழியாகவே இருந்தது. 1827இல் வெளிவந்த முதற் பதிப்பிலே தன்மை ஒருமைக்கு மரபான ஆகார ஈற்றையே அவர் கையாண்டார். அதே ஆண்டிலே புளோரன்ஸ் சென்று அந்நகரத்துக் கற்றோரின் பேச்சைச் செவிமடுத்தார். அதன்பின் நாவல் முழுவதையும் திருத்தி, 1840 முதல் 1842 வரை பகுதி பகுதியாக மீண்டும் வெளியிட்டார். கதையும் பாத்திரங்களும் மாறவில்லை, சொற்கள் மாறின. 'அமாவா' போன்ற தன்மை வடிவங்கள் பெரும்பாலும் 'அமாவோ' என்ற வகையின ஆயின. எழுவாயாக வரும் படர்க்கைப் பெயர்களுக்கும் பல இடங்களிலே பேச்சு வழக்கு வடிவங்கள் இடம்பெற்றன.

இத்திருத்தத்தை வெறும் நடைச் செப்பம் எனக் கொள்ளுதல் எளிது. ஆயின் நாவலின் உட்பொருளோடு சேர்த்து நோக்குமிடத்து அம்முடிவு நிறைவு தருவதாக இல்லை. 1628 தொடக்கம் 1630 வரையான காலத்து லொம்பார்தியாவே கதையின் களம். ஸ்பானிய ஆட்சி, பஞ்சம், கொள்ளைநோய் ஆகியவற்றினிடையே பட்டுத் தொழிலாளியான ரென்சோவும் அவனுக்கு மணம் பேசப்பட்ட லூச்சியாவும் அலைக்கழிக்கப்படுகின்றனர். அவர்தம் துன்பம் மொழியோடு பிணைந்தே தொடங்குகிறது. நிலப்பிரபு ஒருவனின் அடியாட்களுக்கு அஞ்சித் திருமணத்தை நடத்த மறுக்கும் பாதிரியார் தொன் அபொந்தியோ, உண்மைக் காரணத்தை மறைத்து, திருச்சபைச் சட்டத்தின் தடைகளை இலத்தீனில் அடுக்குகிறார். அந்த இலத்தீனால் தனக்கு ஆவது யாதென ரென்சோ சினந்து கேட்கிறான். பின்னர் நியாயம் தேடி வழக்கறிஞரிடம் சென்றபோதும் புரியாத அரசாணைகளின் வாசகங்களே அவனுக்குக் கிட்டுகின்றன. அறியாதானை அடக்குதற்கு அறிந்தோர் கையாளும் கருவியாக மொழி அமைவதை மன்சோனி இவ்விடங்களில் அம்பலப்படுத்துகிறார். நாவலின் முன்னுரையே 17ஆம் நூற்றாண்டின் ஆரவார நடையிலமைந்த கையெழுத்துப்படி ஒன்றைப் பெயர்த்தெழுதத் தொடங்கி, அந்நடையைப் பொறுக்கமாட்டாது கைவிடும் ஆசிரியனின் கூற்றாக அமைந்துள்ளதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இத்தகைய நாவலிலே, தான் பட்டதைத் தானே எடுத்துரைக்கும் எளியவன் ஒருவன், 'நான் செய்து வந்தேன்' என்பதை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஏட்டின் ஈற்றோடு கூறுவது நாவலின் கண்டனத்தை நாவலின் நடையே மறுப்பதாகும். பாதிரியாரின் இலத்தீனைக் கண்டித்த ஆசிரியர் இலக்கணகாரரின் ஆகாரத்தை வைத்துக்கொள்வது எங்ஙனம் பொருந்தும்? எனவே 1840ஆம் ஆண்டின் ஓகாரம் அலங்காரமன்று. நாவல் தன் கொள்கையைத் தன்மீதே செலுத்திக்கொண்டதன் அடையாளம் அது. முதற் பதிப்பிலும் திருத்திய பதிப்பு கலை நேர்மை மிக்கது என நாம் கருதுவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

எனினும் இத்திருத்தத்துக்கு எல்லையும் உண்டு. ரென்சோ புளோரன்ஸ் நகரத்தவன் அல்லன். கோமோ ஏரிக் கரையைச் சார்ந்த லொம்பார்தியக் கிராமத்தவன். 'அமாவா' என்பது போலவே 'அமாவோ' என்பதும் அவன் தாய்மொழியன்று. ஏட்டின் ஆதிக்கத்தை நீக்கிய மன்சோனி அவ்விடத்திலே ஒரு நகரத்தின், அதிலும் அந்நகரத்துக் கற்றோரின், வழக்கை அமர்த்தினார் என்ற விமரிசனம் புறக்கணிக்கத்தக்கதன்று. இத்தாலி 1861இல் ஒரே அரசானபோது இத்தாலிய மொழியை வழங்கவல்லோர் மக்களுள் நூற்றுக்கு 2.5 வீதத்தினரே என துல்லியோ தெ மௌரோவும், ஏறத்தாழ 10 வீதத்தினர் என அரிகோ கஸ்தெல்லானியும் கணித்துள்ளனர். எக்கணிப்பைக் கொள்ளினும் எஞ்சிய பெருந்தொகையினருக்கு இரு விகுதிகளும் அயலானவையே. இந்நிலையில் 1868இல் மன்சோனி கல்வி அமைச்சருக்கு அளித்த அறிக்கையிலே, புளோரன்ஸின் வாழும் வழக்கையே நாடு முழுவதற்கும் உரிய மொழியாகப் பரப்ப வேண்டும் என்றார். கலைஞனின் தெரிவு அரசின் திட்டமாக மாறும் இடம் இதுவாகும்.

இதனை வன்மையாக மறுத்தவர் மொழியியலாளர் அஸ்கோலி. புளோரன்ஸ் வழக்கின்படி தொகுக்கப்பட்ட புதிய அகராதியின் பெயரிலேயே 'புதிய' என்ற பொருள்தரும் சொல், பொதுவழக்கான 'நுவோவோ' என்றன்றிப் புளோரன்ஸ் ஒலிப்பின்படி 'நோவோ' என்று அமைந்திருந்தமையை 1873இல் அவர் சுட்டிக்காட்டினார். பொதுமொழி ஒரு நகரத்தின் வாயிலிருந்து இறக்கப்படுவதன்று. நாடெங்கும் பரந்த அறிவு முயற்சியினால் விளைவது என்பது அவர் கருத்து. வரலாறு இருவருக்கும் பகுதி பகுதியாகவே சார்பாயிற்று. 'அமாவோ' வென்றது, இன்று எந்தப் பாடநூலும் அதனையே விதியாகத் தருகிறது. 'நோவோ' தோற்றது, 'நுவோவோ' இன்றும் நிலைத்துள்ளது. ஒரே நகரத்தின் வழக்குகளுள் ஒன்று ஏற்கப்பட்டு மற்றையது மறுக்கப்பட்டமையால், மன்சோனியின் புகழோ புளோரன்ஸின் பெருமையோ மட்டும் விகுதியின் வெற்றிக்குக் காரணமாகாது என்பது பெறப்படும்.

ஓகாரம் தன்மையையும் படர்க்கையையும் வேறுபடுத்தி மயக்கத்தை நீக்கியதால் வென்றது என்பாரும் உளர். இது ஓரளவே பொருந்தும். ஐயத்தையும் விருப்பத்தையும் உணர்த்தும் பாங்கின் நிகழ்காலத்தில் 'நான் நேசிக்க', 'நீ நேசிக்க', 'அவன் நேசிக்க' ஆகிய மூன்றுக்கும் 'ஆமி' என்ற ஒரே வடிவமே இன்றளவும் உண்டு. அம்மயக்கத்தை எவரும் விகுதியால் நீக்கவில்லை. வேண்டுமிடத்து இடப்பெயரைச் சேர்த்துக்கொள்கின்றனர். ஆகவே தேவை மட்டுமன்றி, 'ஆமோ' என்ற அன்றாட வடிவத்தின் ஒப்புமையும், பேச்சில் வேரூன்றிய பழக்கமும், பரவலாக வாசிக்கப்பட்ட ஒரு நாவலின் துணையும் ஒருங்கே கூடியதனாலேயே இவ்விகுதி வென்றது எனல் தகும். அப்போதும் வெற்றி உடனடியாக வாய்க்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் ஆகார ஈற்றைக் கைவிடாத எழுத்தாளர் இருந்தனர்.

இனி வாய்பாட்டுக்கு மீள்வோம். 'நாம் நேசிக்கிறோம்' என்பதற்கு 'அமியாமோ' என்பது ஒழுங்கான வடிவம். அதன் ஈறு புளோரன்ஸ் வழக்கிலே ஐயப் பாங்கிலிருந்து நிகழ்காலத்துக்குப் பெயர்ந்தது. 'நேசிப்பேன்' என்பதற்கு 'அமெரோ' என்பது ஒழுங்கு. அயல்நகரான சியெனாவின் பழைய வழக்கு 'அமரோ' என்பதாகும். இவ்விரண்டும் 14ஆம் நூற்றாண்டின் ஏடுகள் வழியாகவும் பெம்போவின் வழியாகவும் வாய்பாட்டில் நுழைந்தவை. 'அமாவோ' அதே நகரத்திலிருந்து பிந்திய காலத்தில், வேறொரு வாயில் வழியாக நுழைந்தது. மாணவன் மூச்சுவிடாது ஒப்புவிக்கும் ஒரு வினையின் வடிவங்களுள் வெவ்வேறு நூற்றாண்டுகளின் தீர்ப்புகள் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. ஒழுங்கான வினை என்பது வரலாறற்ற வினையன்று; தன் வரலாறு மறக்கப்பட்ட வினையாகும்.

வாய்பாட்டை மனனம் செய்தல் வேண்டா என்பது இதன் கருத்தன்று. அதனை அறியாதான் 1827ஆம் ஆண்டுப் பதிப்பையும் 1840ஆம் ஆண்டுப் பதிப்பையும் அருகருகே வைத்து நோக்கினும் ஓரெழுத்து மாறியதைக் காணமாட்டான். ஆயின் அவ்வெழுத்து எவர் நாவிலிருந்து வந்தது, எவரை விட்டுவிட்டு வந்தது என்று வினவாத இலக்கணக் கல்வி, ரென்சோவின் முன் இலத்தீனை அடுக்கிய பாதிரியாரின் பக்கத்திலேயே நம்மை நிறுத்திவிடும்.