வெள்ளிக்கிழமை மூன்று மணிக் கூட்டம்

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடத்தைப் பெற்றோருக்கு ஒதுக்கியது. உறுப்பினரில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றது. தமிழக அரசுப் பள்ளிகளில் 2022இல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. பெற்றோர் ஒருவரே தலைவர். நன்கொடையும் ஆண்டுவிழாவுமாகச் சுருங்கிப்போயிருந்த பெற்றோர் ஆசிரியர் கழகங்களைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது புரியும். கழிப்பறையில் தண்ணீர் இல்லை, சுற்றுச்சுவர் இடிந்திருக்கிறது என்று ஒரு தாய் சொன்னால் இன்று அது புலம்பல் அல்ல, தீர்மானம்.

வரமுடிந்தால்தானே தீர்மானம்? கூட்டம் வழக்கமாக வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. ஆசிரியர்களுக்கு வசதியான நேரம்தான். திருவண்ணாமலையில் அந்த நேரத்தில்தான் கோயிலைச் சுற்றிப் பூக்கட்டும் பெண்களுக்குக் கை ஓயாது. வெள்ளி மாலை வியாபாரத்தை விட்டுவிட்டு யார் வருவார்கள்? பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கடை போடுபவர்களுக்கு இரவே பகல். கார்த்திகை தீபத்தின்போது ஆட்டோக்காரர் வீட்டுக்கே வருவதில்லை. அக்கறை இல்லாத பெற்றோர் என்று ஆசிரியர் அறையில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஜவ்வாது மலையிலிருந்து பிழைப்புக்கு வெளியூர் போகும் குடும்பங்களின் நிலையோ இன்னும் மோசம். கடைசியில் பல ஊர்களில் கூட்டத்துக்குப் பதில் கையெழுத்து நோட்டுதான் வீடு வீடாகப் போகிறது.

நேரத்தைவிடப் பெரிய குறை, என்ன பேசுகிறார்கள் என்பது. கட்டடம், குடிநீர், காலை உணவு: எல்லாம் தேவைதான். ஆனால் பிள்ளை படிக்கிறானா என்ற பேச்சு வருவதே அபூர்வம். அதே 2022இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. அதில் தன் மகள் எங்கே நிற்கிறாள் என்று தாய்க்கு யார் சொல்கிறார்கள்? படிக்காதவர்களிடம் பாடத்தைப் பற்றி என்ன பேசுவது என்ற தயக்கம் வெறும் சாக்கு. மகளைப் பக்கத்தில் நிறுத்தி ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னால், எழுத்தறியாத தாய்க்கும் எங்கே திக்குகிறாள் என்பது காதிலேயே தெரிந்துவிடும். அதற்கு ஐந்து நிமிடம் போதும். செயலியும் வேண்டாம், சுற்றறிக்கையும் வேண்டாம்.

குழு என்ற ஏற்பாட்டில் பழுதில்லை. அதை அலுவலகக் கடிகாரத்தில் கட்டிப்போட்டதுதான் பழுது. நாளையும் நேரத்தையும் அந்தந்தக் குழுவே முடிவுசெய்ய விட வேண்டும். தலைமையாசிரியர்களே, அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்கும்முன் பூக்கட்டும் அம்மாக்களை ஒரு வார்த்தை கேளுங்கள்.