'தோமாகே சாய்': வங்கப் பாடலின் பேச்சுமொழியும் பெயர்ப்புச் சிக்கலும்

சுமன் சட்டோபாத்யாய் (பின்னர் கபீர் சுமன்) தாமே எழுதி இசையமைத்துப் பாடிய பாடல்களின் முதல் தொகுப்பான 'தோமாகே சாய்' 1992ஆம் ஆண்டு எச்.எம்.வி. நிறுவனத்தின் வழி வெளிவந்தது. பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர் என மூவர் தனித்தனியே தொழிற்படுவதே வங்க மெல்லிசையில் அதுவரை பெருவழக்கு. இத்தொகுப்பிலோ கருவியிசையையும் அவரே ஏற்றார். ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளின் வங்கமொழி ஒலிபரப்புகளில் பணியாற்றித் திரும்பியவர் அவர். எழுதிய தொடர் ஒருமுறை கேட்டதும் விளங்கவேண்டும் என்பது வானொலிப் பயிற்சி. பாடல்களின் தொடரமைப்பில் அப்பயிற்சியின் தடம் தெரிகிறது எனலாம்.

வங்க உரைநடையில் சாது வழக்கை விலக்கிச் சலித் வழக்கு நிலைபெற்றுப் பல பத்தாண்டுகள் கடந்திருந்தன. பாடல்களிலும் வினைவடிவங்கள் மாறிவிட்டன. எனினும் சொற்களஞ்சியம் மட்டும் நிலவு, வனம், மாலை எனப் பழைய வட்டத்துக்குள்ளேயே சுழன்றது. சுமன் மாற்றியது இலக்கணத்தை அன்று, சொற்புழக்கத்தின் எல்லையை. கரியாஹாட் நாற்சந்தியும் ரிக்‌ஷா ஓட்டும் சிறுவனும் பாடலுக்குள் வருகின்றனர். இவற்றுக்கும் இவற்றைத் தொடர்ந்தவற்றுக்கும் 'ஜீபன்முகி' என்னும் பெயர் வழங்கலாயிற்று. அப்பெயர் பொருளைச் சுட்டுகிறதேயன்றி மொழியில் நேர்ந்ததை விளக்கவில்லை.

தலைப்புப் பாடலையே நோக்கலாம். காதற்பாடலின் தொடக்கத்தில் வாதவுரைக்குரிய வரிசைச் சொற்கள் நிற்கின்றன. வழக்கறிஞர் காரணங்களை எண்ணி அடுக்குவதுபோல விருப்பம் எண்ணப்படுகிறது. 'சாய்' என்னும் வினை கொல்கத்தா ஊர்வலங்களில் நீதியும் பதிலும் கோரும் முழக்கச் சொல்லுமாகும். காதலும் கோரிக்கையும் ஒரே வினையில் அமைவதே பாடலின் வலிமை. அடுக்கு நீளுமிடங்களில் சற்றே தொய்வு தோன்றினாலும் மீண்டும் மீண்டும் வரும் அவ்வினை அதனைத் தாங்கிக்கொள்கிறது.

இதனைத் தமிழாக்குவோர் முதற்சொல்லிலேயே இடர்ப்படுவர். வங்கத்தில் விரும்புபவர் எழுவாய். அது தொக்கும் நிற்கலாம். விரும்பப்படுபவர் '-கே' உருபு ஏற்பார். தமிழில் 'எனக்கு நீ வேண்டும்' என்னும்போது விரும்புபவர் நான்காம் வேற்றுமைக்குப் பெயர்ந்துவிடுகிறார், செயல் நிலையாகிறது. 'உன்னை வேண்டுகிறேன்' எனின் அது கோயிற் சந்நிதிக்குரிய வழிபாடாகிவிடும். 'உன்னை விரும்புகிறேன்' என்பது திரைப்பட வசனம். 'நீ வேண்டும்' என்பதே ஏற்புடையது. தமிழ்நாட்டு ஊர்வல முழக்கங்களும் 'வேண்டும்' என்றே முடிவதால் கோரிக்கைப் பொருள் காக்கப்படுகிறது. விரும்புபவரின் வினைமுனைப்பை இழந்தே இதனைப் பெறவேண்டியுள்ளது. 'துயி', 'துமி', 'ஆப்னி' என்னும் மூன்று முன்னிலைகளுள் நடுத்தரமான 'துமி'யின் சாயலும் 'நீ'யில் கரைந்துவிடும், அதற்கு மாற்றில்லை.

'தொஷ் ஃபுட் பை தொஷ் ஃபுட்' இதற்கு நேர்மாறானது. ஆங்கில அளவைச் சொற்கள் கலந்த இத்தலைப்பு, சிற்றறையில் அடைபட்ட குடும்ப வாழ்வைச் சுட்டுவது. வாடகை வீடு தேடும் எந்தத் தமிழரும் 'பத்துக்குப் பத்து' என்றே சொல்வர். பெயர்ப்பாளர் தேடவேண்டியது ஒன்றுமில்லை. 'பத்தடிச் சதுர அறை' என்று திருத்தி எழுதாதிருந்தால் போதும்.

மிகக் கடினமானது 'பேட்காட்டி சாந்தியால்'. தலைப்பில் உள்ளவை காற்றாடி வகைகளின் பெயர்கள். விசுவகர்மா பூசை நாளில் கொல்கத்தா வானில் பறக்கும் அக்காற்றாடிகளை ரிக்‌ஷாச் சிறுவன் அண்ணாந்து பார்க்கிறான். 'பொக்கா' என்னும் மற்றொரு காற்றாடிப் பெயரோடு புறக்கணிப்பைக் குறிக்கும் வடசொல் இயைபாக அமைகிறது. அவ்வடசொல்லின் எழுத்து வடிவம் 'அவஜ்ஞா'. வங்க ஒலிப்பிலோ அது 'ஒபொக்கா'. எழுத்தில் காணப்படாத இயைபு செவியில் மட்டுமே பிறக்கிறது. தெருச்சிறுவரின் சொல்லும் ஏட்டுச்சொல்லும் ஒரே ஓசையில் முடிய, வானத்து விளையாட்டும் தரையில் கிடைக்கும் அலட்சியமும் நேருக்கு நேர் நிற்கின்றன. தமிழில் 'புறக்கணிப்பு' என்று பொருளைத் தரலாம். 'அவமதிப்பு' என வடசொல் நிழலைக் காட்டலாம். பட்டத்தின் பெயரோடு அவற்றை இயைக்க வழியில்லை. இவ்விடத்தில் அடிக்குறிப்பு எழுதுவதைவிட, தமிழ்ச் சிறுவர் வழங்கும் பட்டப் பெயர்களுள் ஒன்றைக் கொண்டு வேறோர் இயைபை உருவாக்குவதே மூலத்துக்கு நெருக்கமானதாகும்.