பெருவழுதியின் செப்புக் காசு

மயிலாப்பூரில் நண்பர் வீட்டுக் கூடத்தில் பழைய செப்புக் காசு ஒன்றை உருப்பெருக்கியில் பார்ப்பது தனிச் சுகம். விளக்கை நேராகப் பிடித்தால் வெறும் பச்சைக் களிம்புதான் தெரியும். சாய்த்துப் பிடித்தால் குதிரையின் கால், அப்புறம் எழுத்து.

சங்க காலப் பாண்டியரின் சதுரச் செப்புக் காசு இப்படித்தான் பேசியது. ஒரு பக்கம் குதிரையும் தமிழ் பிராமியில் ‘பெருவழுதி’ என்ற பெயரும். மறுபக்கம் கோடுகளாய்ச் சுருங்கிய மீன். 1980களில் அதை அடையாளம் கண்டு உலகுக்குச் சொன்னவர் ‘தினமலர்’ ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி. இலக்கியத்தில் கேட்ட பாண்டியர் பெயர் உலோகத்தில் கிடைத்தது. தமிழ் நாணயவியலில் இதற்கு நிகரான கண்டுபிடிப்புகள் மிகச் சில.

வேறொரு மன்னனின் காசோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ரோமுக்கு அடங்கிய திரேசிய மன்னன் ரோமெட்டால்சிஸ், தன் வெண்கலக் காசில் அகஸ்டஸ் முகத்துக்கும் இடம் கொடுத்தான். வழுதியின் காசில் தன் பெயரும் தன் மீனும்தான்.

ஒரு வேண்டுகோள்: வீட்டில் பழங்காசு இருந்தால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். களிம்போடு எழுத்தும் போய்விடும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.