இயக்குநரின் பள்ளிப்படை

செத்துப்போன அரசனைப் புதைத்த இடத்தில் கோயில் எழுப்பினால் அதற்குப் பள்ளிப்படை என்று பெயர். செத்துப்போன இயக்குநரின் பொருட்களை அடுக்கிக் கோயில் எழுப்பினால் கண்காட்சி என்று பெயர். 'ஆசிரியனின் மரணம்' குறித்து ரோலான் பார்த் 1960களின் கடைசியில் எழுதியதெல்லாம் அருங்காட்சியகக்காரர்கள் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும், செத்தவனுக்குத்தானே பள்ளிப்படை, நல்லதாப் போச்சு என்றிருப்பார்கள்.

ஸ்டான்லி குப்ரிக் கண்காட்சி 2004இல் ஃபிராங்ஃபர்ட்டில் தொடங்கி, ஊர் ஊராகச் சுற்றி, 2019இல் லண்டன் டிசைன் மியூசியத்துக்கு வந்தது. முன்பு காமன்வெல்த் இன்ஸ்டிட்யூட்டாக இருந்த கட்டடம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் 'பாரி லிண்டன்' (1975) எடுக்க உதவிய ஸைஸ் லென்ஸ், 'ஷைனிங்' (1980) படத்துத் தட்டச்சுப்பொறி, 'கொல்லப் பிறந்தவன்' என்றெழுதிய சிப்பாயின் தலைக்கவசம் - எல்லாம் கண்ணாடிப்பேழைக்குள். பார்க்கிறவர்கள் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். 'பரிபூரணம்' என்பதுதான் இங்கே மந்திரம். தைத்தவர், வரைந்தவர் பெயர்கள் அட்டையில் இருந்தாலும் கும்பிடு ஒருவருக்குத்தான்.

எடுக்கப்படாமலே போன 'நெப்போலியன்' படத்துக்கான அட்டை அலமாரியைக் கர்ப்பக்கிருகம் எனலாம். நெப்போலியனும் அவனைச் சுற்றியிருந்தவர்களும் எந்த நாளில் எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று அட்டை அட்டையாக. அசந்துதான் போகிறோம். ஆனால் அதே படத்துக்காக 1968இல் குப்ரிக் எழுதிய தயாரிப்புக் குறிப்பையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ருமேனியா 30,000 படைவீரர்கள் வரை தரும், ஆளுக்கு 2 டாலர். யூகோஸ்லாவியா என்றால் 5 டாலர். இங்கிலாந்தில் வேஷமிட்ட துணைநடிகருக்கு நாள் கணக்கில் 19 டாலருக்கும் மேல். தூரத்தில் நிற்பவர்களுக்குக் காகிதத்துணிச் சீருடையே போதும். சக்கரவர்த்திக்கு நாளுக்கொரு அட்டை. சிப்பாய்க்குத் தலைக்கு இவ்வளவு என்கிற விலை.

இதை எழுதியவர் யார்? 'பாத்ஸ் ஆஃப் குளோரி' (1957) எடுத்தவர். தாக்குதலுக்கு முன்பே இத்தனை சதவீதம் பேர் சாவார்கள் என்று கணக்குப் போடும் தளபதியை அம்பலப்படுத்திய படம். 1975 வரை பிரான்சில் திரைக்கு வராத படம். சாவுக்கணக்கும் சம்பளக்கணக்கும் ஒண்ணா என்று கேட்பீர்கள். ஒண்ணில்லை. ஆனால் மனிதன் வெறும் எண்ணாகிற இடம் இரண்டிலும் இருக்கிறது. குப்ரிக்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதல்ல நோக்கம். படத்துக்குள் அதிகாரத்தைக் கேள்வி கேட்கிற கலைஞனே படத் தயாரிப்பில் அதிகாரமாகவும் ஆகிறான். அவரைப் பற்றிப் பேச வேண்டியது இந்த முரணைத்தான். கண்காட்சியோ இதையும் 'பரிபூரணம்' என்று சொல்லி விழுங்கிவிடுகிறது.

'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' (1987) படத்தில் வரும் ஹுவே நகரம் கிழக்கு லண்டனின் பெக்டனில், கைவிடப்பட்ட எரிவாயு ஆலையில் உருவானது. ஸ்பெயினிலிருந்து பனைவகை மரங்கள் வந்திறங்கின. வியட்நாம் இல்லாமலே ஒரு வியட்நாம். அதில் வியட்நாமியருக்கு மிஞ்சியது பாலியல் தொழிலாளி, தரகர், மறைந்து சுடும் சிறுமி போன்ற வேஷங்கள். பெக்டனை ஒட்டியதுதான் ஈஸ்ட் ஹாம். 1983க்குப் பிறகு ஈழத்தின் யுத்தத்திலிருந்து தப்பி வந்தவர்கள் குடியேறிய பகுதி. யுத்தத்தின் 'செட்'டுக்குப் பேழையில் இடம் கிடைக்கிறது. பக்கத்துத் தெருவுக்கு வந்துசேர்ந்த யுத்தத்தின் மனிதர்களுக்கு எந்தப் பேழையில் இடம்?

'பாத்ஸ் ஆஃப் குளோரி'யை இன்னொரு தரம் போட்டுப் பாருங்கள். தளபதியின் கணக்கையும் இயக்குநரின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அதுக்கு டிக்கெட் தேவையில்லை.