தன் பிழையைச் சொல்லும் கருவி

காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் சேரும் கோர்வையைத்தான் தேர்ந்த கண் முதலில் பார்க்கும். செயற்கைக்கோள் வழிகாட்டலில் அப்படிக் குறை தேடும் கண், இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் உருவாக்கிய ‘ககன்’.

ஜிபிஎஸ் சமிக்ஞை சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வருகிறது. வழியில் அயனிமண்டலம் அதைத் தாமதப்படுத்தும். அயனிமண்டலம் அதிகம் கொந்தளிக்கும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், காஞ்சிக்கு மேலுள்ள வானிலும் அந்தத் தாமதம் சீராக இராது.

நாடெங்கும் உள்ள 15 நிலையங்கள், தாம் இருக்கும் இடத்தைத் துல்லியமாக அறிந்தவை. சமிக்ஞை காட்டும் தூரத்தை ஓயாமல் அளந்து பெங்களூரு மையத்துக்கு அனுப்புகின்றன. அதை உண்மைத் தூரத்தோடு ஒப்பிட்டு மையம் கணிக்கும் திருத்தம், ஜிசாட் செயற்கைக்கோள்கள் வழியே விமானத்தை அடைகிறது.

திருத்தத்தைவிட நான் வியப்பது அதனுடன் வரும் இன்னொரு செய்தியை. மீதிப் பிழை எவ்வளவு இருக்கக்கூடும் என்ற வரம்பையும் ககன் சொல்லிவிடுகிறது. ஒரு ஜிபிஎஸ் செயற்கைக்கோள் பிசகினால், சில நொடிகளில் ‘இதை நம்பாதே’ என எச்சரிக்கிறது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோ விமானம் ஒன்று ககன் துணையோடு இறங்கியது, இந்த நாணயத்தை நம்பித்தான். துல்லியத்தைவிட உயர்ந்த தரம் இது.