நகலும் அசலும்

கீழடி மியூசியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுமார் 2,600 வருஷத்துக்கு முந்தைய வைகைக் கரை நகரத்தின் பானை ஓட்டையும் பகடைக்காயையும் பளிச்சென்று வைத்திருக்கிறார்கள். 2023-ல் திறந்த கட்டடமும் ஜோர். தூணும் முற்றமுமாக, செட்டிநாட்டு பாணி!

அங்கேதான் இடிக்கிறது. அதே சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிப் பக்கம், அசல் செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்து விற்கிறார்கள். கப்பலேறி வந்த பர்மா தேக்குத் தூண் லாரியேறிப் போகிறது. இத்தனைக்கும், 2014-லேயே யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறிய ஊர்கள்!

பங்காளிகளைத் திட்டாதீர்கள். பி.காம். கணக்கு சொல்கிறேன்: வீட்டுக்குப் பத்து இருபது பங்கு, ஓடு மாற்றவே லட்சங்கள், வரவு சைபர். விற்காமல் என்ன செய்வார்கள்?

புதைந்ததைத் தோண்டக் காசு ஒதுக்குகிற அரசு, நிற்பதைத் தாங்கவும் கொஞ்சம் ஒதுக்கட்டும். இல்லையென்றால், செட்டிநாட்டு வீடு பார்க்க நம் பேரப்பிள்ளைகள் கீழடிக்குத்தான் போகவேண்டியிருக்கும்.